கேட்டால்தானே பேச்சு வரும்

திருவண்ணாமலைக்கும் ஆங்கில இலக்கணத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1896 ஆகஸ்டில், மதுரையில் வேங்கடராமன் என்ற பள்ளி மாணவனுக்கு ஒரு தண்டனை: பெயின் எழுதிய ஆங்கில இலக்கணப் புத்தகத்திலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவர வேண்டும். இரண்டு முறை எழுதினான். மூன்றாவது முறைக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினான். செப்டம்பர் 1ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தவன், பிறகு எந்த ஊருக்கும் திரும்பவில்லை.

அவர் ரமண மகரிஷி ஆன பிறகு ஆங்கிலம் அவரைத் தேடி மலையேறி வந்தது. 1911இல் வேலூரில் காவல்துறை அதிகாரியாக இருந்த ஹம்ப்ரீஸ் விருபாட்ச குகைக்கு வந்தார். 1930களில் பால் பிரண்டன் வந்தார். 1934இல் வெளியான அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னும் பலர் வந்தார்கள். மகரிஷிக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பதிலைப் பெரும்பாலும் தமிழில்தான் சொல்வார். அருகில் இருந்தவர்கள் அதை ஆங்கிலமாக்கிச் சொல்வார்கள். ஆசிரமக் கூடத்தில் நடந்த அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கேட்டவருக்குப் பதில் தெரியாது, பதில் அவருக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அதனால் இரண்டு மொழிகளுக்கு நடுவிலும் பேச்சு நின்றுபோகவில்லை.

நான் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறவள். செங்கம், போளூர், கலசபாக்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், ஜவ்வாது மலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் அவர்கள்தான். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், மூன்றாவதாக அவரவர் பாடம். வேதியியலோ கணினி அறிவியலோ எடுத்தவர்களுக்கு அந்தப் பாடமும் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண் முதல் பருவத்திலேயே கடைசி பெஞ்சுக்கு நகர்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

"புரியுது மேம். வாயில வர மாட்டுது."

இதை நான் முழுமையாக நம்புகிறேன். சாக்கு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள். வகுப்பில் அவர்களிடம் ஆயிரக்கணக்கான கேள்விகள் கேட்கப்பட்டிருக்கும். ஆனால் அத்தனை கேள்விக்கும் பதில் கேட்டவருக்கு முன்பே தெரியும். தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட கேள்விக்கு வாய் திறந்தால் புதிதாகத் தெரியவரப் போவது ஒன்றே ஒன்று, தன் பிழை. அந்த நிலையில் சும்மா இருப்பதுதான் புத்திசாலித்தனம், பிள்ளைகள் புத்திசாலிகள்.

பரீட்சை இதை இன்னும் இறுக்கிவிடுகிறது. கைடில் இருக்கும் எஸ்ஸேயை மனப்பாடம் செய்து, நான்கு பக்கம் பிழையில்லாமல் எழுதிவிடுகிற பெண்ணால், சாயங்காலம் ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் சொல்ல முடியவில்லை. 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் பரவலாகத் தொடங்கிய ஆங்கில வழி வகுப்புகளில் படித்துவிட்டு வருகிறவர்களும் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொற்கள் கூடுதலாகத் தெரிகின்றன. பேச்சு என்று வந்தால் அவர்களும் தமிழ் வழிப் பிள்ளைகளோடு சேர்ந்து மௌனமாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வழியில் படித்தார்கள் என்பதைவிட, யாராவது அவர்களிடம் எதையாவது உண்மையாகக் கேட்டார்களா என்பதே முக்கியம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் செங்கம் சாலையில் இருக்கிறது. ரமணாசிரமத்தை ஒட்டிய கடைகளில் அரைமணி நேரம் நின்று கேளுங்கள். இளநீர் வெட்டும் அக்கா, ஆட்டோ அண்ணன், துணி தைத்துக் கொடுக்கும் தையல்காரர், அறை வாடகைக்கு விடுகிற அம்மா எல்லாருமே ஆங்கிலம் பேசுகிறார்கள். பலர் பத்தாம் வகுப்பைக்கூடத் தாண்டாதவர்கள். ஸ்கந்தாசிரமத்துக்கு எந்தப் பக்கம் ஏறவேண்டும், தண்ணீர் காய்ச்சியதா, பௌர்ணமியன்று எத்தனை மணிக்கு மேல் கூட்டம் குறையும் என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கேட்கிறார்கள். கேட்கிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும். சொல்கிறவருக்குப் பிழைப்பு நடந்தாக வேண்டும். காலம் தப்பும், ஒருமை பன்மை தப்பும், ஆனால் தகவல் தப்புவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் கையைக் காட்டிப் பேசிய ஆட்டோக்காரர் இன்று சாத்தனூர் அணைக்குப் போய்வரும் செலவை விளக்கி, பேரம் பேசி, சிரிக்கவும் வைக்கிறார்.

இதைச் சொன்னால் சிலர், அப்படியானால் மாணவர்களையும் வெளிநாட்டவரிடம் அனுப்பிப் பேசவைக்கலாமே என்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மௌனத்தைத் தேடி இத்தனை தூரம் வந்தவர்களை நம் பிள்ளைகளின் பயிற்சிக்காகத் தொல்லை செய்வது முறையல்ல. தானாக அமைந்த பேச்சு வேறு. அத்தியந்தல் பக்கத்தில் வீடு உள்ள ஒரு மாணவி, அம்மாவின் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு ஜெர்மன் பெண்மணியோடு பேசிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "அவங்களும் யோசிச்சி யோசிச்சிதான் மேம் பேசறாங்க. நடுவுல நிறுத்திட்டு வேற வார்த்த தேடறாங்க." அந்தப் பெண்ணின் முகத்தில் அன்று பார்த்த விடுதலையை எந்தப் பாடப்புத்தகமும் தந்திருக்காது. இந்த ஊருக்கு வருகிற பிரெஞ்சுக்காரருக்கும் இத்தாலியருக்கும் ரஷ்யருக்கும் ஆங்கிலம் பிறகு கற்ற மொழிதான். அவர்கள் தடுமாறிக்கொண்டே பேசுகிறார்கள், அதற்காக வெட்கப்படுவதில்லை.

வெட்கம் நம்முடையது. அதை நாமேதான் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்கிறோம். தப்பாகப் பேசினால் வகுப்பே சிரிக்கும். சரியாகப் பேசினால் "பீட்டர் உடறான்டா" என்று அதே வகுப்பு சிரிக்கும். பதினேழு, பதினெட்டு வயதில் இந்த இரண்டு சிரிப்பையும் தாண்டி ஒரு பிள்ளை வாயைத் திறப்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை நாம் சரியாக மதிப்பதில்லை. முதலாண்டில் என் வகுப்புக்கு ஒரே சட்டம்தான். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் திருத்தக் கூடாது, நானும் திருத்த மாட்டேன். கேட்பவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். பிழைகளை நான் தாளில் குறித்துவைத்து, முடிந்தபின் தனியாகக் கொடுப்பேன்.

இப்படிச் செய்ய எனக்குத் துணிவு தந்தவர் என்.எஸ்.பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திப் பார்த்த சோதனையை ஆங்கிலம் கற்பிக்கும் உலகம் 'பெங்களூர் திட்டம்' என்று இன்றும் பேசுகிறது. இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கையில் கொடுத்து, தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைப் பிள்ளைகள் முன் வைத்தார். மனம் பொருளில் ஊன்றி நிற்கும்போதுதான் மொழியின் வடிவம் உள்ளே இறங்கும் என்பது அவருடைய எண்ணம். இந்தச் சோதனை 1987இல் புத்தகமாக வந்தது. நம் பக்கத்து வகுப்பறைகளில் பிறந்த இந்தச் சிந்தனையை உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கிறார்கள். நம் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

எங்கள் ஊருக்கு ஏற்றபடி நான் கொடுக்கும் சிக்கல் ஒன்று. பெங்களூரிலிருந்து ஒரு தோழி பௌர்ணமியன்று மாலை வருகிறாள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் போக வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆரணியில் கல்யாணத்தில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கலாம், எங்கே பஸ் ஏறலாம்? உடனே சண்டை தொடங்கும். பௌர்ணமியன்று பஸ் வழக்கமான இடத்தில் நிற்காது, ஊருக்கு வெளியே தற்காலிக நிலையம் என்பான் ஒருவன். செருப்பில்லாமல் நடந்தால் நான்கு மணி நேரத்தில் முடியாது என்பாள் ஒருத்தி. எட்டு லிங்கங்களிலும் நின்று கும்பிடுவாளா மாட்டாளா என்று ஒரு கேள்வி எழும். பாதி தமிழில் தொடங்குகிற சண்டை, எதிர்க்கட்சியை மடக்கும் ஆசையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்கு நகரும். ஆங்கிலத்தில் சொன்னால்தான் வாதம் கணக்கில் வரும் என்று சொல்லியிருப்பேன்.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. வகுப்பில் ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை இருக்கிறது, வந்தவாசியில் கோரைப் பாய் போடுகிற வீட்டுப் பெண் இருக்கிறாள், ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கிற குடும்பத்துப் பையன் இருக்கிறான். ஒருவர் வீட்டுத் தொழில் மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆகவே கேட்கிற கேள்வி எல்லாமே அசல் கேள்வி.

கலசபாக்கம் பக்கத்துப் பையன் ஒருவன், பருவம் முழுக்க ஒரு வாக்கியம் பேசாதவன், மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைப் பற்றிப் பேசினான். பூ பூத்த பிறகு அதிலிருந்து விழுது கீழே இறங்கி மண்ணுக்குள் போய்க் காய்க்கும் என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினான். எல்லாரும் வியந்துபோனார்கள், தின்று வளர்ந்த பிள்ளைகளிலேயே பாதிப் பேர் அது வேரில் காய்க்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். போளூர் டவுனில் வளர்ந்த ஒரு பெண், மண் இறுகியிருந்தால் விழுது என்ன ஆகும் என்று கேட்டாள். அதற்காகத்தான் நாற்பது நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைப்போம் என்றான். எந்த ஆண்டு மழை ஏமாற்றியது, அப்போது அப்பா என்ன செய்தார் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. அவனுக்கு இறந்தகாலம் வரவில்லை. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொன்னான். "இது போன வருஷமா, எல்லா வருஷமுமா?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டதும் நின்று யோசித்து, வினைச்சொல்லை மாற்றிச் சொன்னான். இலக்கணம் வகுப்புக்குள் நுழைய வேண்டிய கணம் அதுதான். அடுத்த மணியில் நான் இறந்தகால வினைகளை நடத்தியபோது அவன் குறிப்பெடுத்தான். இலக்கணம் வேண்டாதது என்று சொல்கிறவள் அல்ல நான். தேவை தெரிந்த பிறகு வந்தால் அது தங்கும்.

வாசிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தவறாமல் கிடைக்கிற அறிவுரை, 'தினம் இந்து தலையங்கம் படி' என்பது. நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் மூன்றே நாளில் அது ஆசையைக் கொன்றுவிடுகிறது. நேற்று இரவு முழுக்கப் பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தின் செய்தியை இன்று காலை ஆங்கிலத்தில் படிக்கச் சொல்கிறேன். யார் எப்போது அவுட் என்பது தெரியும். தெரிந்த பொருள் தெரியாத சொல்லை விளக்கிவிடும். தூலிகா பதிப்பகத்தின் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த சிறுவர் புத்தகங்களை வீட்டில் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறேன். கல்லூரிக்குப் போகிற அக்கா சிறுவர் புத்தகம் படிக்கிறாளே என்று யாரும் கேட்க மாட்டார்கள், தம்பிக்காகத்தானே படிக்கிறாள். ஆண்டு முடிவதற்குள் ஆர்.கே.நாராயணின் சுவாமியும் நண்பர்களும் கதையை ஆங்கிலத்திலேயே படித்து முடித்தால் போதும். அதற்குப் பிறகு தலையங்கம் தானாக எட்டும்.

1968இல் நம் சட்டமன்றம் இரு மொழி என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை நெஞ்சார ஏற்றுக்கொண்டவள் நான். அப்படியானால் அந்த இரண்டாவது மொழியைக் கூலிக்காரர் மகளுக்கும் பேச்சாகக் கொடுக்கிற கடமை நமக்கு இருக்கிறது. ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்குப் பணம் கட்டவும், மாலை ஏழு மணி வரை டவுனில் தங்கவும் அவளால் முடியாது; கடைசி டவுன் பஸ் போய்விடும். 2022இல் வந்த அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் ஆங்கிலப் பயிற்சியும் இருக்கிறது, அது நல்ல தொடக்கம். திரைக்கு எதிரே உட்கார்ந்து கற்பதோடு, எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒரு மனிதரும் வேண்டும். அது கல்லூரி நேரத்துக்குள், பகுதி இரண்டு வகுப்புக்குள்ளேயே நடக்க வேண்டும். அகமதிப்பீட்டுக்கு இருக்கிற 25 மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் பேச்சுக்கென்று பல்கலைக்கழகம் ஒதுக்கினால், "இது எக்ஸாமுக்கு வருமா மேம்?" என்ற கேள்விக்கு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியும்.

புதிய முதலாண்டு வகுப்பு தொடங்கும்போது முதல் மணியில் நான் பாடம் எடுப்பதில்லை. வீட்டை விட்டு எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள், எந்தெந்த ஊர் வழியாக வருகிறீர்கள், எங்கே பஸ் மாறுகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறேன். நான் பார்க்காத ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன.