டால்பின் வாங்கலாமா, தாத்தா?

போன மாதம் என் பேரன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமையானால் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் போய் நிற்கிறான் என்று அவன் அம்மா புலம்புவாள்.

"தாத்தா, பெங்களூர்ல ஒரு பழைய சிபானி டால்பின் விலைக்கு வருது. நீங்க வச்சிருந்தீங்களாமே? வாங்கலாமா, வேணாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவன் அம்மா, என் மூத்த மகள், தனியாகக் கூப்பிட்டாள். "நல்லது கெட்டது ரெண்டையும் நீங்களே அவன்கிட்டச் சொல்லிருங்கப்பா" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

டால்பின் என்ற கார் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் வயதுக்காரர்களிலும் பாதிப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் பாதல் என்ற மூன்று சக்கரக் காரைச் செய்த கம்பெனிதான் எண்பதுகளின் தொடக்கத்தில் டால்பினைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கம்பெனி செய்த கிட்டன் என்ற காரின் வழி வந்தது அது. முன்னால் 848 சி.சி. நாலு சிலிண்டர் அலுமினிய என்ஜின், ஓடுவது பின்சக்கரத்தில். உடம்பு தகரம் இல்லை, ஃபைபர். கதவு இரண்டே இரண்டு. எடை 500 கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பிரீமியர் பத்மினிக்கும் ஏறக்குறைய இதே 40 குதிரைத்திறன்தான். ஆனால் பத்மினி கிட்டத்தட்ட 900 கிலோ. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

என் அப்பா பரளச்சியிலிருந்து புதுச்சேரி மில்லுக்கு வேலைக்குப் போனவர். அதனால் நான் படித்தது அங்கே பிரெஞ்சு மீடியத்தில். 'தோஃபேன்' என்றால் பிரெஞ்சில் டால்பின் மீன். அரசனின் மூத்த மகனுக்கும், அதாவது பட்டத்து இளவரசனுக்கும், அதே பெயர்தான். ரெனோ கம்பெனி 1956-ல் தோஃபீன் என்று ஒரு சிறிய கார் கொண்டுவந்தது. அதற்கு என்ஜினே பின்னால்தான். படத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, "முன்னால திறந்தா என்ன இருக்கும்?" என்று நாங்கள் சண்டை போடுவோம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கள் பௌதிக ஆசிரியர் சொல்லிக் கொடுத்த இரண்டு வார்த்தைகள் இன்றும் நினைவிருக்கின்றன. முன்சக்கரத்தில் ஓடும் காரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'திராக்ஸியோன்' என்பார்கள், இழுப்பது. பின்சக்கரத்தில் ஓடுவதை 'ப்ரொபுல்ஸியோன்' என்பார்கள், தள்ளுவது. நம்மூர் கணக்கில் சொன்னால் முதலாவது மாட்டுவண்டி, இரண்டாவது தள்ளுவண்டி. மாடு முன்னால் இழுக்கும்போது வண்டி அதன் பின்னாலேயே வந்துவிடும். தள்ளுவண்டி அப்படி வராது. தள்ளுகிறவன் கொஞ்சம் அசந்தாலும் அது தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். பேரனுக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

நான் அந்த வண்டிமேல் ஆசைப்பட்டது சோழவரத்தில். எண்பதுகளின் நடுவில் ஒரு ஃபைல் விஷயமாக சேப்பாக்கம் எழிலகத்துக்குப் போயிருந்தேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர் ஒருவர், "சும்மா ரூம்ல கிடக்காம வாங்க சார்" என்று சோழவரத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன்னால் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. வெயிலில் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தேன். பெரிய வண்டிகள் திருப்பத்தில் சாய்ந்து முனகிக்கொண்டு போயின. ஒரு குட்டி டால்பின் பின்பக்கத்தை லேசாக வெளியே ஆட்டிவிட்டு, அவற்றுக்கு நடுவில் புகுந்து போனது. பதினோரு வருடமாகப் பட்டாவும் அடங்கலும் எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது என்னவோ செய்துவிட்டது.

அது கையில் வர 1991 ஆகிவிட்டது. அதற்குள் மாருதி 800 வந்து எட்டு வருடம். கதவு நாலு, முன்சக்கர ஓட்டம், ஊருக்கு ஊர் மெக்கானிக். டால்பினை விற்கிறவர்கள்தான் உண்டு, வாங்க ஆளில்லை. மதுரையில் ஒருவரிடம் 32,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பாதி என் சேமிப்பு, பாதி மனைவியின் சீட்டுப் பணம். அரசு ஊழியன் கார் வாங்கினால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் இல்லையா, எழுதிக் கொடுத்தேன். எங்கள் கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "டால்பினா? மீன் வாங்குனதுக்கெல்லாம் எதுக்குய்யா லெட்டர்?" என்றார். ஆபீஸே சிரித்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன்.

பின்சக்கரம் தள்ளும் வண்டியில் முன்சக்கரங்களுக்குத் திருப்புவது ஒன்றுதான் வேலை. அதனால் ஸ்டியரிங் பூப்போல இருக்கும். தரை ஈரமா, மணலா என்று உள்ளங்கைக்கே தெரியும். முன்சக்கரத்துக்குள் ஓட்டும் தண்டு இல்லாததால் அதிகமாகவும் வளைக்கலாம். எங்கள் தெருவில் அம்பாசடர் மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த் திரும்பும் இடத்தில் டால்பின் ஒரே வளைப்பில் திரும்பிவிடும்.

இரண்டாவது, பாரம். மூட்டை ஏற்றினால் எடை பின்சக்கரத்தில் விழும், பிடிப்பு கூடும். மேட்டில் ஏறும்போதும் அப்படித்தான். பின்சீட்டை மடக்கிவிட்டு மிளகாய் வற்றல் இரண்டு மூட்டையும் மல்லி ஒரு மூட்டையும் போட்டுக்கொண்டு, வண்டிப்பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறி வந்திருக்கிறேன்.

மூன்றாவது, துரு கிடையாது. கீறல் விட்டால் பாயும் ரெசினும் வைத்து ஒட்டிவிடலாம்.

நாலாவது ஒன்று இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் வந்துவிட்டால் ரோடு காலியாக இருக்கும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், தூரத்தில் ஒரு கண்மாய்க்கரை. மூன்றாவது கியரில் போட்டு மிதித்தால் முதுகை யாரோ கைவைத்துத் தள்ளுவது போல இருக்கும். வீட்டுக்கு வந்து சேரும்போது, அன்றைக்கு ஆபீசில் வாங்கிய மெமோ மறந்து போயிருக்கும்.

இனி கெட்டது.

இரண்டு கதவு என்பது வயதானவர்களுக்கு ஆகாது. முன்சீட்டை மடக்கி என் அம்மாவைப் பின்னால் ஏற்றுவதற்குள் அவர் எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுவிடுவார். பின்னாளில் மோன்டானா என்று நாலு கதவில் அதே கம்பெனி ஒரு வண்டி விட்டது. அதற்குள் ஜனங்கள் மாருதிப் பக்கம் போய்விட்டார்கள்.

ஃபைபர் உடம்பை நம்மூரில் யாரும் மதிக்கவில்லை. டீக்கடையில் நிறுத்தினால் நாலு பேர் வந்து விரலால் தட்டிப் பார்ப்பார்கள். "இது என்ன சார், வாளி மாதிரி சத்தம் வருது?" என்பார்கள். இடித்தால் தகரம் நசுங்கும், ஃபைபர் பிளக்கும். பார்க்க அதுதான் பயங்கரம்.

வண்டி உற்பத்தி நின்றுபோனால் சாமான் கிடைப்பது கஷ்டம். இது எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும். அலுமினிய என்ஜினில் தண்ணீர் குறைந்து சூடேறிவிட்டால் ஹெட் வளைந்துபோகும். அதனால் நான் தினமும் காலையில் சாமி கும்பிடுவதற்கு முன் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அதன் பெரிய நிறையேதான். எடை இல்லை. முக்கியமாகப் பின்னால் எடை இல்லை. மூட்டை இருந்தால் பசு மாதிரி போகும் வண்டி, காலியாக, ஈரத்தில், ஓட்டுகிறவனுக்குத் திமிரும் இருந்தால் வேறு மாதிரி ஆகிவிடும்.

இங்கேதான் நான் முப்பது வருடமாக வேறு கதை சொல்லிவந்திருக்கிறேன்.

1993, கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். அருப்புக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த மூத்தவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துகொண்டிருந்தேன். அவளுக்கு வயது பதினொன்று. முன்சீட்டில் இருந்தாள். சீட் பெல்ட் என்ற பழக்கமே அப்போது நமக்கு இல்லை. வண்டியில் வேறு பாரம் கிடையாது. மழை விட்டு அரைமணி ஆகியிருந்தது.

சோழவரம் கதையை அவளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். "அப்பா, அந்த ரேஸ்ல ஓட்டுன மாதிரி ஓட்டுங்கப்பா" என்றாள். ஓட்டினேன். பரளச்சிக்கு முன்னால் ரோடு ஒரு கண்மாய்க்கரையை ஒட்டி வளையும். வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பார்த்தேன், வயலிலிருந்து ஏறிய டிராக்டர் ஒன்று கரிசல் சேற்றைத் தார்மேல் அப்பிவிட்டுப் போயிருந்தது. ஈரக் கரிசல் எண்ணெய் மாதிரி என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன், பிரேக்கிலும் வைத்தேன். செய்யக் கூடாத இரண்டும் அவைதான். எடை முழுக்க முன்னால் பாய்ந்துவிடும், பின்சக்கரம் தரையை விட்டுவிடும். பின்பக்கம் முன்னால் வந்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, நல்லவேளையாகத் தண்ணீர்ப் பக்கம் போகாமல், சீமைக் கருவேலத்துக்குள் பக்கவாட்டில் போய் அடித்தது.

மகளுக்கு இடது கை முறிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் என் மனைவி ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டபோது, "ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சு" என்றேன். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கட்டிலில் கிடந்த பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "ஆமாம்மா, ஆடு வந்துச்சு" என்றாள்.

ஊரில் ஆட்டைக்கூட யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் வண்டியைத்தான் சொன்னார்கள். "பிளாஸ்டிக் வண்டி, வேற என்ன ஆகும்?" நானும் தலையை ஆட்டினேன். சாயல்குடிக்கு அப்பால் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் பூசுகிற ஒருவரை அழைத்து வந்து பிளந்த பக்கத்தை ஒட்டவைத்தேன். வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டு, "எங்க பக்கம் இதை ஓங்கில்னு சொல்லுவோம், அது ஆளைக் காப்பாத்துற மீனு" என்றார் அவர். நான் பதில் பேசவில்லை. 1994-ல் வாங்கினதற்குக் குறைவாகவே விற்றேன். அதன் பிறகு ஸ்கூட்டர். ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கிய மாருதி இன்றும் வாசலில் நிற்கிறது. மாட்டுவண்டி மாதிரி சொன்ன பேச்சுக் கேட்கிறது.

இப்போது மகள் போனில் சொன்னதற்கு வருகிறேன்.

"அப்பா, அவன்கிட்ட ஆடு கதையைச் சொல்லாதீங்க. உள்ளதையே சொல்லுங்க. நான்தான் வேகமாப் போகச் சொன்னேன்னு சொல்லிருங்க. அன்னைக்கு நான் சும்மா வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

அவளுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. மழைக்காலத்தில் இடது முழங்கை இன்னும் வலிக்கிறது என்பாள். நான் பொய் சொல்லித் தப்பித்துக்கொண்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பொய்க்கு அடியில் ஒரு குழந்தை பழியைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. போனில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாயால் வராததை எழுதிப் பழகியவன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா, நீ கேட்டாய், பதினொரு வயதுப் பிள்ளை கேட்கத்தான் செய்யும். ஆடு வரவில்லை. வண்டிமேல் தப்பில்லை, உன்மேலும் இல்லை. மிதித்த காலும் எடுத்த காலும் என்னுடையவை.

பேரனுக்கு: வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப் போவதில்லை. வாங்கினால், பதினைந்து வருடம் தாண்டிய வண்டி என்பதால் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்று பார். கர்நாடக வண்டிக்குத் தடையில்லாச் சான்று வாங்காமல் பணத்தைக் கொடுக்காதே. மழையில் ஓட்டாதே. ஓட்டியே ஆக வேண்டுமென்றால் பின்னால் ஒரு மூட்டை அரிசியாவது போட்டுக்கொள். பின்பக்கம் நழுவினால் பதறிக் காலை எடுக்காதே, அது நழுவும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பு. இதையெல்லாம் முதலில் வெயில் காலத்தில் பந்தய மைதானத்தில் தனியாகப் பழகு. பக்கத்து சீட்டில் யாராவது இருந்தால், அவர்கள் எவ்வளவு கேட்டாலும், மெதுவாகப் போ.

இதை இங்கே போடுவதற்கு முன் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே முழுவதும் கேட்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப வண்டியை எதுக்குங்க வித்தீங்க?"