அத்தோவும் வாழைத்தண்டுச் சாறும்

சென்னைக்குப் புதிதாகச் செல்வோர் நல்ல சிற்றுண்டி நாடி மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் செல்வதே வழக்கம். உண்பதற்கென்று வடசென்னைக்குச் செல்பவர் அரியர். துறைமுகம், புகைபோக்கிகள், சரக்கு லாரிகளின் நெடுவரிசை ஆகியவையே அப்பகுதியைப் பற்றி வெளியூரார் அறிந்தவை. என் தங்கை மகள் விம்கோ நகரில் குடியேறியிராவிடில் நானும் அந்த அளவோடுதான் நின்றிருப்பேன். அவளுடைய இரண்டாம் மகப்பேற்றின்போது துணையாக இரண்டு திங்கள் அங்கே தங்கினேன். பிள்ளை உறங்கும் மாலை வேளைகளில் தெருவில் உலவி வருவது எனக்கு வழக்கமாயிற்று.

ஊரின் பெயரே ஒரு தொழிற்சாலையின் பெயர்தான். 1923-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு முதலீட்டில் தொடங்கப்பெற்ற வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் விம்கோ. நம் தாய்மார் அடுப்பு மூட்டிய தீப்பெட்டிகளில் பல அந்தக் கம்பெனியுடையவை. 2021 பிப்ரவரி 14 முதல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது. அதனால் இப்போது நகரத்தின் தென்பகுதி இளைஞர்களும் கையில் கைப்பேசியுடன் இங்கு வந்து இறங்குகிறார்கள். அவர்கள் தேடி வருவது என்னவென்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் சாலையோரத் தள்ளுவண்டிகளில் விளக்கு எரியும். வறுத்த மீன், போண்டா, இட்லி எல்லாம் உண்டு. அவை எங்கும் கிடைப்பவை. நான் நின்று பார்த்தது வேறொரு வண்டியை. பெரிய தட்டில் செம்மஞ்சள் நிற நூடுல்ஸ் குவியல். பக்கத்தில் மெல்லியதாய் அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு மணக்கும் எண்ணெய். கேட்டவுடன் ஒரு கிண்ணத்தில் அனைத்தையும் இட்டு, எலுமிச்சை பிழிந்து, கையால் பிசைந்து, மேலே மொறுமொறுப்பான தட்டை ஒன்றை நொறுக்கித் தூவித் தருகிறார்கள். உடன் ஒரு கோப்பைச் சூடான வாழைத்தண்டுச் சாறு. இதற்குப் பெயர் அத்தோ. அடுப்பில் ஏற்றாமல் பிசைந்தே தருவதால் புளிப்பும் காரமும் தனித்தனியே நாவில் தெரிகின்றன. முதல் கவளத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்தது உண்மை. இரண்டாம் நாளும் சென்றேன் என்பதும் உண்மை.

அந்தச் சொல்லின் கதையை வண்டிக்கார மூதாட்டியே சொன்னார். பர்மிய மொழியில் பிசைந்த பண்டத்துக்கு 'அத்தோக்' என்று பெயராம். மேலே தூவும் தட்டை 'பேஜோ'. 'பே' என்றால் பருப்பு, 'ஜோ' என்றால் பொரித்தது. நம் பருப்பு வடையின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பர்மாவில் இந்த நூடுல்ஸில் மீன்சாறு சேர்ப்பார்கள். இங்கே அதை விட்டுவிட்டுப் புளியைக் கூட்டியிருக்கிறார்கள். அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்துத் தருவதும் உண்டு.

பர்மியப் பண்டம் திருவொற்றியூர்ச் சாலைக்கு வந்தது எப்படி? பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் நெல்வயல்களிலும் துறைமுகங்களிலும் கடைகளிலும் உழைக்க நம்மவர் பெருந்திரளாக ரங்கூனுக்குக் கப்பலேறினர். 1942-இல் ஜப்பானியப் படை புகுந்தபோது இலட்சக்கணக்கானோர் காடு மலைகளைக் கால்நடையாகக் கடந்து இந்தியா வந்தனர். வழியிலேயே மாண்டவர் பலர். போருக்குப் பின் திரும்பிச் சென்றவர்களுக்கும் நிலைபேறு இல்லை. 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. சேமித்த பணம் காகிதமாயிற்று. குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தவர் பலர். எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. பிறந்த மண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை சென்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இட்லியும் தோசையும் கிடைக்கின்றன. ஒரே துயரம், அங்கே இட்லியாகவும் இங்கே அத்தோவாகவும் தெருவுக்கு வந்திருக்கிறது!

மூதாட்டிக்குக் கப்பலேறியபோது வயது பத்து. "அம்மா காதுல இருந்த தோட்டைக்கூடக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க, தங்கச்சி. மனசுல இருந்த சமையலை யாரு கழட்ட முடியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய தாயார் முதலில் ஓர் அலுமினியப் பாத்திரத்தைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்றாராம். பின்னர்தான் வண்டி வந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மெட்ரோவில் வந்திறங்கிய இளைஞர் இருவர் அவரைக் கைப்பேசியில் படம் பிடித்தனர். "பர்மாப் பாட்டி, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டனர். அவரும் ஏதோ சொல்லி அனுப்பினார். அவர்கள் சென்ற பின் என்னிடம் திரும்பி, "அங்க எங்களைக் 'கலா'ன்னு கூப்பிட்டாங்க. இந்தியாக்காரன்னு அர்த்தம், மரியாதையான வார்த்தை இல்லை. இங்க வந்தா பர்மாக்காரி. அறுபது வருஷமாச்சு, எங்க தாத்தா ஊரு இராமநாதபுரம்னு யாரும் கேக்கலை" என்றார்.

அதன் பின் அத்தோவைப் 'புதுமையான அயல்நாட்டு உணவு' என்று எவரேனும் சொன்னால் எனக்கு உறுத்துகிறது. படம் பிடித்த பிள்ளைகள்மீது சினம் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வயிறார உண்டவர்கள். நம் ஊர்களில் 'சிலோன் காலனி' என்று பெயரிட்டு, மூன்றாம் தலைமுறையையும் அப்பெயராலேயே அழைக்கிறோமே, அதுவும் இதே வழக்கந்தான்.

அந்த வண்டியில் சனிக்கிழமை மட்டும் மொஹிங்கா கிடைக்கும். மீனை இஞ்சி, மஞ்சள், எலுமிச்சைப்புல் இட்டு வேகவைத்து, முள் நீக்கி மசித்து, கடலைமாவு கரைத்துக் கெட்டியாக்கிய குழம்பில் அரிசிச் சேமியாவை இட்டுத் தருவது. பர்மாவில் காலை உணவு இதுதான். முன்பு நாள்தோறும் செய்தார்களாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. வலைகளும் படகுகளும் கறுத்தன. மீன் என்றாலே மக்கள் அஞ்சினர். "எந்தத் தண்ணி மீனு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தனர். மொஹிங்காப் பாத்திரம் வாரக்கணக்கில் கவிழ்ந்து கிடந்தது. இப்போது மீன் காசிமேட்டிலிருந்து வருகிறது, விலை கூடுதல். ஆகவே வாரம் ஒருமுறை.

பேரன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். பகல் முறை முடிந்தால் வண்டியில் நிற்பான். இரவு முறையானால் மருமகள் நிற்பாள். நிரந்தர வேலை கிடைத்தால் வண்டியை விற்றுவிடலாம் என்பது அவன் எண்ணம். பாட்டி மறுக்கவில்லை. "நல்லா இருக்கட்டும்" என்றார். ஆனால் பூண்டு பொரிக்கும் பதத்தை மருமகளுக்கு நாள்தோறும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இல்லத்தரசியருக்காக அந்த வாழைத்தண்டுச் சாற்றின் செய்முறையையும் கேட்டு வந்தேன். இளந்தண்டை நார் நீக்கி வட்டமாக அரிந்து மோரில் போட்டு வைக்க வேண்டும். பூண்டு, இஞ்சி, வெங்காயத்தை விழுதாக அரைத்து எண்ணெயில் வதக்கி, மஞ்சளும் மிளகுத்தூளும் இட்டு, நீர் ஊற்றித் தண்டை வேகவிட வேண்டும். வறுத்த கடலைமாவு இரண்டு கரண்டி கரைத்து ஊற்றிக் கொதித்ததும் இறக்கலாம். கொத்தமல்லி கடைசியில். பேஜோவை உண்ணும் வேளையில்தான் நொறுக்கிப் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் ஊறிக் குழைந்துவிடும்.