தண்டவாளம் இல்லாத பாதை

அம்மா சைக்கிள் ஓடப் பழகியது புகையிரதப் பாதையில்தான். கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில். அப்போது அதில் தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. 1990இல் யாழ்தேவி நின்றுபோன பிறகு அவை பங்கர்களுக்குப் போய்விட்டன. சல்லிக்கற்களையும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிவிட்டார்கள். மிஞ்சியது உயர்த்திக் கட்டிய மண்ணும் அதன் நடுவே ஒற்றையடிப் பாதையும்தான்.

1996 ஆடி மாதம். கடைக்கென்று நடந்து போன அப்பா திரும்பி வரவில்லை. அவருடைய பார் வைத்த ரலி சைக்கிள் விறாந்தையில் நின்றது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தி நான்கு வயது. காம்ப் காம்பாகவும் கச்சேரிக்கும் அலைய வேண்டியிருந்தது. எத்தனை நாளைக்கு மற்றவர்களின் கரியரில் போவது? பக்கத்து வீட்டு அக்கா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். எட்டு வயதுப் பிள்ளையான நான், விழுந்தால் தூக்குவதற்கென்று பக்கத்தில் ஓடுவேன். றோட்டில் பழகினால் சென்றியில் நிற்பவர்கள் பார்ப்பார்கள், சனமும் கதைக்கும். “இஞ்சை விழுந்தா ஆர் பாக்கப் போகினம்? றெயிலும் வராது” என்பார் அம்மா. நான்கு நாளில் பழகிவிட்டார். சேலையைச் செருகிக்கொண்டு பாருக்கு மேலால் காலைப் போட்டு ஏறுவதற்குத்தான் ஒரு மாதம் பிடித்தது.

இதெல்லாம் 2018இல், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வைத்து எனக்கு ஞாபகம் வந்தது. பயிற்சியொன்றுக்காகப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணி தன்னுடைய சைக்கிளைத் தந்து, “பாத் நகரம் வரைக்கும் போய் வாருங்கள், வழி தவறவே முடியாது” என்றார். அது பழைய புகையிரதப் பாதை என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மொத்தம் 21 கிலோமீற்றர். அதில் மங்கொட்ஸ்பீல்ட் என்ற இடத்திலிருந்து பாத் வரையான பகுதி 1869இல் திறக்கப்பட்டது. 1966இல் பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். வருமானம் இல்லாத பாதைகளை நாடு முழுவதும் மூடிய காலம் அது. பிறகு 1979இலிருந்து 1986 வரை, சைக்கிளோட்டத்தில் அக்கறை கொண்ட சங்கமொன்று தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு துண்டு துண்டாகப் பாதை போட்டது. புகையிரதம் செங்குத்தான ஏற்றம் ஏறமாட்டாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும்தான் அதற்குப் பாதை அமைப்பார்கள். மலைப்பாங்கான அந்த ஊரிலும் எனக்கு மூச்சு வாங்காததற்கு அதுதான் காரணம். ஓரிடத்தில் பழைய நிலையத்தின் மேடை அப்படியே நிற்கிறது. நடுவில், வண்டி நின்ற இடத்தால், நாங்கள் சைக்கிளில் போகிறோம். பிட்டன் என்ற நிலையத்தில் மட்டும் ஆர்வலர்கள் கொஞ்சத் தூரத்துக்குத் தண்டவாளம் போட்டுப் பழைய நீராவி வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

ஸ்டேப்பிள் ஹில்லில் சுரங்கப்பாதை ஒன்று வரும். ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் நீளம். உள்ளே மின்விளக்குகள் எரிந்தன. இருந்தும் வாசலில் இறங்கி நின்றுவிட்டேன். பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஈரமண் மணத்தை விளக்கத் தேவையில்லை. பெண்களுக்குப் பயம் நீங்கப் பயிற்சி கொடுக்கிறவள் நான்! எனக்கே சிரிப்பு வந்தது, கால் மட்டும் அசையவில்லை. கூடையில் மரக்கறியோடு வந்த வயதான பெண் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. “சேர்ந்து போவோமா?” என்றார். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மணியை அடித்துக்கொண்டே வந்தார். வெளியே வந்ததும், “இருட்டின பிறகு நானும் இதற்குள் தனியே வரமாட்டேன்” என்றார். அங்கேயும் அப்படித்தானா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

எங்கள் பாதைக்கு றெயில் திரும்பி வந்த கதை உங்களுக்குத் தெரியும். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 2015 தை மாதம் காங்கேசன்துறை வரை போனது. சனம் பூமாலையோடு நின்று வரவேற்றது. நானும் போய் நின்று அழுதேன். ஆனால் அதற்கு முந்திய வருடம் அந்தப் பாதையோரத்துக் குடிசைகளுக்கு நான் வேறொரு வேலையாகப் போயிருந்தேன். இடம்பெயர்ந்து வந்து, வேறு காணியில்லாமல் புகையிரதக் காணியில் இருந்தவர்கள் எழும்ப வேண்டியிருந்தது. கணவனை இழந்த ஒருவர், இரண்டு பிள்ளைகள். எழும்புவதைப் பற்றி அவர் சண்டை பிடிக்கவில்லை. “றெயில் வரத்தானே வேணும், பிள்ளை. இந்தக் கிணத்தை நான்தான் வெட்டினனான், அதையும் எழுதுங்கோ” என்றார். படிவத்தில் கிணற்றுக்கு இடம் இருக்கவில்லை. ஓரத்தில் எழுதினேன். அதை யாராவது வாசித்தார்களோ என்னவோ. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ‘அபிவிருத்தி’ பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த ஓரக்குறிப்பு அளவுக்கு எதுவும் என் மனதில் நிற்கவில்லை.

றெயில் வந்த பிறகு அம்மா சைக்கிளைத் தொடவில்லை. பிரதான வீதியில் பஸ்ஸும் ஓட்டோவும் நெருக்கியடிக்கின்றன, அந்த வயதில் பயம் வரும்தானே. பிரிஸ்டலிலிருந்து அன்றிரவு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளுக்கென்றே பாதை போட்டிருக்கிறார்கள் என்றதும், “பிறகு கேட்டு எழுப்ப மாட்டினமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “அங்கை பெம்பிளையள் தனியப் போகினமோ?” பகலில் போகிறார்கள் என்றேன். சுரங்கத்து வாசலில் நின்றதைச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது ரலிக்கு இரண்டு புது ரியூப் போட்டிருந்தது. இப்போது விடிய ஐந்தரைக்கு, தண்டவாளத்துக்குப் பக்கத்து ஒழுங்கையால் கோயில்வரை போய் வருகிறார். அறுபத்தி மூன்று வயது. அந்த ஒழுங்கை முடியும் கடவையில் கேற் இல்லை. அம்மா இறங்குவார், இரண்டு பக்கமும் பார்ப்பார், ஒருமுறை நின்று காது கொடுத்துக் கேட்பார், பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடப்பார்.