30 சதவீதத்துல நின்ன சித்தப்பா

குடும்பத்துல ஒருத்தன் பொட்டி தட்டறான்னா, சொந்தக்காரங்க எல்லாரோட பொட்டிக்கும் அவன்தான் வைத்தியன். பிரிண்டர் ஓடலையா, அவனைக் கூப்பிடு. பாஸ்வேர்ட் மறந்துபோச்சா, அவனைக் கூப்பிடு. கல்யாணப் பந்தியில சாம்பார் விழறதுக்குள்ள மூணு பேர் வந்து, "தம்பி, என் லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க.

சென்னை ஆபீஸ்லயும் எனக்கு இதே ஆணிதான். மாசாமாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அப்டேட் விடும். அவங்களுக்குக் காலை 10 மணி, நமக்கு ராத்திரி 10:30. குளிர்காலம்னா 11:30. அதை முதல்ல நாலு சோதனைப் பொட்டியில போட்டு, எதுவும் வெடிக்கலைன்னா மத்ததுல போடணும். முன்னெல்லாம் ஹாட்ஃபிக்ஸ் ஒவ்வொண்ணும் தனித்தனி கேபி நம்பரோட வரும், வேணுங்கறதைப் பொறுக்கிக்கலாம். 2015ல விண்டோஸ் 10 வந்ததுலேருந்து மொத்தமா ஒரே மூட்டை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கற கதையெல்லாம் இல்லை.

விஷயத்துக்கு வரேன். எங்க சித்தப்பா தேங்காய்த்திட்டுல மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற வழியில சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். விடியக்காலைல படகுக்காரங்களுக்கு ஐஸ் வியாபாரம், அப்புறம் ஜெராக்ஸ். ஐஸ் பாதிக்கு மேல கடன்தான். ஏப்ரல் 15லேருந்து 61 நாள் தடைக்காலம், அப்போ யார் கையிலயும் காசு இருக்காது. பழைய பாக்கி எல்லாம் தடை முடிஞ்சு படகு கடலுக்குப் போன பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமா வரும். அந்தக் கணக்கு முழுக்க கடைக் கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல்ல. நோட்டுல எழுதிட்டு இருந்தவரை எக்ஸெல்லுக்கு மாத்தினது யாருன்னு கேக்கறீங்களா? ஹி ஹி, நான்தான். பேக்கப் எடுக்கச் சொல்லிக் கொடுக்காததும் நான்தான்.

இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்திருந்தேன். "சித்தப்பா, அப்டேட் ஓடும்போது கம்ப்யூட்டரை அணைக்காதீங்கன்னு திரையில வரும். அப்போ என்ன ஆனாலும் அணைக்கக் கூடாது."

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். அன்னிக்கு சாயங்காலம் புதுச்சேரிகிட்ட கரையைக் கடக்க ஆரம்பிச்சு, நகராம அப்படியே நின்னுடுச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. மறுநாள் கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஜனங்களை மீட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் சென்னையில. வீட்டுக்கு போன் போகவே இல்லை.

அன்னிக்குக் கடையில ஈ காக்கா இல்லை. நாலு மணிக்கு மூடிடலாம்னு சித்தப்பா ஷட்டவுன் அமுக்கியிருக்கார். ரெண்டு வாரமா தள்ளிப் போட்டுட்டே வந்த நவம்பர் மாச அப்டேட் அப்பதான் ஆரம்பிச்சிருக்கு. 30 சதவீதத்துல வந்து நின்னுடுச்சு. வாசல்ல தண்ணி ஏறுது. மனுஷன் காலைத் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். கரண்ட் போச்சு. தரையில இருந்த யுபிஎஸ் கத்த ஆரம்பிச்சுது. அப்பவும் எழுந்திருக்கலை. பத்து நிமிஷம் கழிச்சு அதுவும் செத்த பிறகுதான் பொட்டியைத் தார்ப்பாய்ல சுத்திப் பரண் மேல ஏத்திட்டு, முட்டியளவு தண்ணியில வீட்டுக்கு நடந்து போயிருக்கார்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனப்போதான் இதைச் சொன்னார். "ஏன் சித்தப்பா, பிளக்கைப் பிடுங்கிட்டு ஓட வேண்டியதுதானே!"ன்னு கத்திட்டேன்.

"நீதானேடா என்ன ஆனாலும் அணைக்கக் கூடாதுன்னு சொன்ன?"

நான் ஒண்ணும் பேசலை. ஈரத் தரையில யுபிஎஸ், பக்கத்துல அவர். நான் சொன்ன ஒரு வரிக்காக.

சரி, பொட்டிக்கு வருவோம். போட்டா, 'மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம்'ங்கற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி, அப்புறம் ரீஸ்டார்ட், மறுபடி அதே வரி. விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கறப்போ அது பயன்படுத்தற ஃபைலை மாத்த முடியாது. கடல்ல ஓடற படகுக்குப் பலகை மாத்த முடியுமா? கரைக்கு இழுக்கணும். அந்த இழுக்கறதுதான் ரீஸ்டார்ட். என்னென்ன மாத்தணும்னு ஒரு பட்டியல் எழுதி வச்சுக்கிட்டு, ரீஸ்டார்ட் ஆகறப்போ ஒவ்வொண்ணா மாத்தும். நடுவுல நின்னா பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிடும். இந்தப் பொட்டி முன்னாலயும் போகலை, பின்னாலயும் போகலை.

பூட் ஆகறப்போ மூணு தடவை பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சேன். ரிக்கவரி திரை வந்துது. கமாண்ட் ப்ராம்ப்ட். எதையும் சரி பண்றதுக்கு முன்னாடி அந்த எக்ஸெல்லை வெளிய எடுக்கணும்ல? ஒரு குறுக்கு வழி சொல்றேன், வச்சுக்கோங்க. அந்தக் கறுப்புத் திரையில நோட்பேட்னு அடிச்சா நோட்பேட் திறக்கும். அதுல ஃபைல், ஓப்பன் போய், எல்லா வகை ஃபைலும் காட்டுன்னு மாத்தினா டிரைவ் எல்லாம் தெரியும். ரைட் கிளிக், காப்பி, பென் டிரைவ்ல பேஸ்ட். ஒரு விஷயம் கவனிங்க, ரிக்கவரியில சி டிரைவ் சி-யாவே இருக்கும்னு நம்பாதீங்க. இங்க அது டி ஆகியிருந்துது.

ஃபைலை என் லேப்டாப்ல திறந்து காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பேரா விரல் வச்சுப் பார்த்தார். ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட பாக்கி. "எல்லாம் இருக்கு"ன்னார். அதுக்கப்புறம்தான் சித்தி கொடுத்த காப்பியைக் குடிச்சார்.

மிச்சம் சுலபம். டிஐஎஸ்எம் கமாண்டுல டி டிரைவைக் காட்டி, க்ளீனப் இமேஜ், ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ். பாதியில நின்ன பட்டியலைத் தூக்கிப் போட்டுடும். ரீஸ்டார்ட் பண்ணினேன், டெஸ்க்டாப் வந்துது. முருகன் படம் வால்பேப்பர்.

"இனிமே இந்த அப்டேட்டே வேணாம், நிறுத்திடு"ன்னார். அவர் கோவத்துல நியாயம் இருக்கு. அதே வருஷம் ஜூலை 19ம் தேதி க்ரௌட்ஸ்ட்ரைக்கோட ஒரே ஒரு தப்பான ஃபைலால 85 லட்சம் விண்டோஸ் பொட்டி நீலத்திரை ஆச்சு. ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்க. அது விண்டோஸ் அப்டேட் இல்லை, ஒரு பாதுகாப்பு மென்பொருளோட அப்டேட். ஆனா சித்தப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் மறுபக்கக் கதையைச் சொன்னேன். 2017 மார்ச் 14ல ஓட்டையை அடைக்கற அப்டேட் வந்தாச்சு. போடாதவங்களை மே 12ல வன்னாக்ரை பிடிச்சுது. வயநாட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கூட விடலை.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல என்னடா திருடப் போறான்?"

"திருடறது இல்லை சித்தப்பா. கணக்கைப் பூட்டிட்டுப் பணம் கேப்பான்."

கணக்குன்னதும் பேசாம இருந்தார். மறுநாள் ஞாயித்துக்கிழமை, யுபிஎஸ்ஸை மேஜை மேல ஏத்தி வச்சுட்டு அப்டேட்டை முழுசாப் போட்டேன். நாப்பது நிமிஷம். அவர் பக்கத்துலயே உக்காந்திருந்தார்.

2025 அக்டோபர் 14ல விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சுது. அவரோட நாலாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 கிடையாது. லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுத்துட்டேன். கணக்கு லிப்ரே ஆபீஸ்ல ஓடுது, வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பென் டிரைவ்ல நகல். லினக்ஸும் அப்டேட் கேக்கும்ல? கேக்கறப்பல்லாம் எனக்கு போன் வரும்.

"தம்பி, அப்டேட்னு வந்திருக்கு. இன்னிக்கு மழை இருக்கான்னு பார்த்துச் சொல்லு."