சனிக்கிழமை சாயங்காலக் கணக்கு

மார்கழி பாதி கடந்துவிட்டால் கிழக்குத் தாம்பரத்துப் பெயின்ட் கடைகளில் காலை எட்டு மணிக்கே நிற்க இடம் இருக்காது. உள்ளே கலர் கலக்கும் மெஷின் ஓயாமல் குலுங்குகிறது. வாசலில் ஏணி கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும் பழக்கம் எமல்ஷன் காலத்திலும் போகவில்லை. தை பிறந்ததும் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்துவிட்டவர்களின் அவசரம் தனி. ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு புகுவதில்லை என்பதால், ஆவணிக்கும் தைக்கும் முந்தைய சில வாரங்கள் பெயின்டிங் காண்ட்ராக்டர்களுக்குத் தூக்கமில்லாத வாரங்கள்.

அன்று கடைக்கு வந்த காண்ட்ராக்டர், சேலையூர்க்காரர், பெயின்ட் கேட்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு செட்டு இருக்கா? பட்டி பாக்கத் தெரிஞ்ச ஆளுங்களா வேணும்."

கடைக்காரர் உடனே பதில் சொல்லவில்லை. சரக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒரு மேஸ்திரியைக் கண்ணால் காட்டிவிட்டு, வேறொருவர் பெயரைச் சொல்லி உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது.

தென் சென்னைப் புறநகரில் பெயின்டர்களுக்கான வேலைவாய்ப்பு அலுவலகம் என்று ஒன்று இருந்தால், அது பெயின்ட் கடைதான். எந்த மேஸ்திரி எத்தனை சுவருக்கு எத்தனை மூட்டை பட்டி வாங்கினார், யார் கடன் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு மாறினார், யார் மீந்த டப்பாவை நேர்மையாகத் திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். காண்ட்ராக்டர்களின் யோக்கியதையும் அவருக்குத் தெரியும் என்பதைக் காண்ட்ராக்டர்கள் அவ்வளவாக வெளியே சொல்வதில்லை.

சேலையூர்க்காரரிடம் மாதச் சம்பளத்தில் இருப்பவர் ஒரே ஒரு சூப்பர்வைசர். மற்ற எல்லாமே சப்-காண்ட்ராக்ட். மேஸ்திரி ஒருவர், அவருக்குக் கீழே நான்கைந்து பேர். இதற்குத்தான் செட் என்று பெயர். சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலியைப் பேசி வேலையை செட்டிடம் ஒப்படைக்கிறார். சரக்கு இவர் வாங்கித் தருகிறார். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தொழில் நடத்துகிறார்கள். சீசனில் முப்பது பேர் வேண்டும், ஐப்பசி மழையில் மூன்று பேருக்குக்கூட வேலை இருக்காது. யாரை வைத்துச் சம்பளம் போடுவது?

வேலையும் ஒரே மாதிரி இல்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அந்த எல்லைக்குள்ளும் அதை ஒட்டியும் பல்லாவரத்தில் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாக ஏறிய பழைய தனிவீடுகள் உண்டு, மாடம்பாக்கம் பக்கம் அடுக்குமாடிகள் உண்டு, 2015 டிசம்பரில் அடையாறு வெள்ளம் புகுந்த முடிச்சூர் வீடுகளும் உண்டு. பழைய வீட்டுக்குச் சுரண்டுவதில் பொறுமை உள்ள ஆள் வேண்டும். அடுக்குமாடியின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கப் பயப்படாதவர் வேண்டும். புது வில்லாவில் பட்டி கண்ணாடி மாதிரி வராவிட்டால் வீட்டுக்காரர் பணம் தரமாட்டார். நல்ல செட், மோசமான செட் என்று பிரிப்பதற்கு முன்னால் எந்த வீட்டுக்கு எந்த செட் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் இவர். பாதிப் புகார்கள் ஆளை மாற்றி அனுப்பியதால் வந்தவையாம்.

ஆட்கள் இரண்டு திசைகளிலிருந்து வருகிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து தங்கியவர்கள் ஒரு பக்கம். மேற்கு வங்கம், பீகார், ஒடிசாவிலிருந்து வருபவர்கள் இன்னொரு பக்கம். சந்திராகாச்சியிலிருந்து வரும் அந்த்யோதயா ரயில் தாம்பரத்தில்தான் வந்து நிற்கிறது. முந்தியவர்களுக்குப் பொங்கல், ஊர்த் திருவிழா, நடவு, அறுப்பு. பிந்தியவர்களுக்கு ஹோலி, சத் பூஜை, துர்கா பூஜை, போதாக்குறைக்கு அவரவர் மாநிலத் தேர்தல். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது பலர் பெட்டி கட்டினார்கள். அரசும் காவல்துறையும் மறுத்துச் சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்கள் ஹோலிக்கு நெருக்கம் வேறு. சேலையூர்க்காரரின் செட் ஒன்று பயத்தில் போனதா பண்டிகைக்குப் போனதா என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய நாட்காட்டியில் பீகார் பண்டிகைகளும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

புது செட்டை அவர் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். பேச்சு அதிகம் இல்லை. வீட்டில் ஒரே ஒரு படுக்கையறையை மட்டும் கொடுக்கிறார். முதல் நாள் அவர் சுவரைப் பார்ப்பதே இல்லை, தரையைப் பார்க்கிறார். விரிப்பு போட்டார்களா? சுவிட்ச் போர்டைக் கழற்றினார்களா, இல்லை டேப் ஒட்டினார்களா, இரண்டும் இல்லாமல் அப்படியே இழுத்துவிட்டார்களா? சாயங்காலம் பிரஷ்ஷைக் கழுவித் தொங்கவிட்டார்களா, பக்கெட்டிலேயே போட்டுவிட்டுப் போனார்களா? இரண்டாம் நாள் பட்டி காய்ந்து உப்புத்தாள் போட்ட பிறகு, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் டார்ச் அடிக்கிறார். நேர் வெளிச்சத்தில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் மேடும் பள்ளமும் அலையலையாக எழுந்து நிற்கின்றன. அதைக் காட்டியதும் மேஸ்திரி என்ன செய்கிறார் என்பதுதான் பரீட்சை. "கலர் அடிச்சா மறைஞ்சிடும் சார்" என்றால் அந்த அறையோடு சரி. தானே டார்ச்சை வாங்கி இன்னொரு மூலையையும் அடித்துப் பார்ப்பவருக்கு மீதி வீடும் கிடைக்கும்.

சண்டை பெரும்பாலும் தரத்தில் வருவதில்லை, அளவில் வருகிறது. ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா? கிரில் கேட்டுக்கு முன்பக்கம் மட்டுமா, பின்பக்கமும் சேர்த்தா? செட்காரர் எல்லாவற்றையும் சுவராக அளப்பார். காண்ட்ராக்டர் எல்லா ஓட்டையையும் கழிப்பார். இதற்கெல்லாம் இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 1200 என்ற அளவு முறை பல காலமாக இருக்கிறது. அரை சதுர மீட்டருக்கு உட்பட்ட திறப்பைக் கழிக்கக் கூடாது. கிரில்லைத் தட்டையாக ஒருமுறை அளந்தால் அதுவே எல்லாப் பக்கத்துக்குமான கணக்கு. பொதுப்பணித் துறை வேலை பார்த்தவர்களுக்கு இது மனப்பாடம். வீட்டு வேலை மேஸ்திரிகளில் கேள்விப்பட்டவர்களே குறைவு. சேலையூர்க்காரர் இதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தமிழில் எழுதி, வேலை தொடங்கும் முன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி பிடிக்கிறார், மறுமுனையை சூப்பர்வைசர். அளவு நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டி மூட்டை பிரிகிறது.

அடுத்தது கோட்டுக் கணக்கு. பிரைமர், அதன்மேல் இரண்டு கோட்டு எமல்ஷன் என்று பேசிவிட்டு, ஒன்றரைக் கோட்டில் முடிப்பது இந்தத் தொழிலின் பழைய வியாதி, ஊருக்கும் நாட்டுக்கும் பொதுவானது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பெயின்டராகப் பிழைத்த ராபர்ட் நூனன், ராபர்ட் ட்ரெஸல் என்ற புனைபெயரில் எழுதிய நாவல், அவர் இறந்த பிறகு 1914-ல் வெளிவந்தது. பேசிய கோட்டுகளை அடிக்காமல் வேலையை ஒப்பேற்றுவதுதான் அந்தக் கதையில் வரும் கம்பெனியின் தினசரிப் பிழைப்பு. கவனிக்க வேண்டியது, அங்கே கோட்டைத் திருடச் சொல்பவர் முதலாளி. அடிக்கிறவனுக்கு அதில் பங்கு இல்லை, அவமானம் மட்டும் உண்டு. தாம்பரத்திலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. மூன்று கொட்டேஷனில் குறைந்ததைக் காட்டி வேலையைப் பிடித்த காண்ட்ராக்டர், அந்தக் குறைச்சலை அப்படியே செட்டின் ரேட்டில் இறக்குகிறார். செட் அதை எங்கே இறக்கும்? பெயின்ட்டில் தண்ணீராக ஊற்றும்.

திருட்டைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. முதல் கோட்டை ஒரு இழை மாற்றிய நிறத்தில் கலக்கித் தருவது. இரண்டாவது கோட்டு விட்டுப்போன இடம் காட்டிக்கொடுத்துவிடும். பாலங்களுக்கும் தொழிற்சாலை இரும்புக்கும் பூசும்போது இப்படிச் செய்வது வழக்கம். வீட்டு வேலையில் அபூர்வம். இவர் செய்கிறார்.

டோக்கனையும் விட முடியாது. பட்டி மூட்டைக்குள்ளும் பெயின்ட் டப்பாவிலும் கம்பெனிகள் பெயின்டருக்கென்று வைக்கும் ஊக்கத்தொகை அது. முன்பு அட்டையாக இருந்தது, இப்போது போனில் ஸ்கேன் செய்கிறார்கள். தொகை சின்னது, சண்டை பெரிது. காண்ட்ராக்டர் வாங்கிய சரக்கில் டோக்கன் யாருக்கு? மேஸ்திரிக்கா, மூட்டையைப் பிரித்தவனுக்கா? டோக்கனுக்காகவே தேவைக்கு மேல் டப்பா கேட்கும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். டோக்கன் செட்டுக்கு, காலி டப்பாவும் சாக்கும் மட்டும் எண்ணி எனக்கு என்று சேலையூர்க்காரர் முடித்துவிட்டார். எண்ணிக்கை வந்துவிட்டால் ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி ஓடியது என்பது தானாக வந்துவிடுகிறது.

இவ்வளவு கெடுபிடிக்கும் செட்கள் ஏன் இவரிடம் நிற்கின்றன? விடை சனிக்கிழமை சாயங்காலத்தில் இருக்கிறது.

பெயின்டர்களுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கும், ஊருக்கு அனுப்புவதற்கும், மேஸ்திரி தன் ஆட்களின் முகத்தில் விழிப்பதற்கும் அந்தப் பணம் அன்று வந்தாக வேண்டும். "பில் பாஸ் ஆகலை, பார்ட்டி தரலை" என்று இரண்டு சனிக்கிழமை சொன்னால், மூன்றாவது திங்கட்கிழமை செட் வேறு சைட்டில் நிற்கும். அதற்கப்புறம்தான், ஆளே கிடைக்கவில்லை, வடக்கத்தி ஆட்களை நம்ப முடியவில்லை என்ற புலம்பல் கேட்கிறது. நான் பேசிப் பார்த்த வரையில் இந்தப் புலம்பல் எங்கே உரக்கக் கேட்டதோ, அங்கேதான் சனிக்கிழமை பாக்கியும் அதிகம் இருந்தது. நம்பகமான செட்டைத் தேடுகிறோம் என்கிறார்கள். செட்களும் நம்பகமான காண்ட்ராக்டரைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன, அதே பெயின்ட் கடையில்.

சேலையூர்க்காரர் மொத்தமாக அட்வான்ஸ் கொடுப்பதில்லை. கொடுத்துப் பட்ட கதைகள் அவரிடம் நிறைய. தினம் செலவுக்குக் காசு. பட்டி முடிந்தால் ஒரு பங்கு, முதல் கோட்டுக்கு ஒரு பங்கு, முடிவில் மிச்சம். பத்து சதவீதத்தை மட்டும் டச்-அப் முடியும்வரை பிடித்து வைக்கிறார். பணத்தை மேஸ்திரியின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, எவ்வளவு அனுப்பினேன் என்பதை செட்டின் எல்லா ஆட்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். இது மேஸ்திரிகளுக்குக் கசக்கிறது. ஆட்களுக்கு நேராக ஜிபே செய்தால் மேஸ்திரியின் பிடி போய்விடும், மேஸ்திரிக்கு மட்டும் தெரிந்தால் பையன்களுக்குப் போய்ச் சேராது. நடுவில் கண்டுபிடித்த வழி இது.

சட்டம் இந்த இடத்துக்கு அநேகமாக வருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு 20 பேராக இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 50 ஆக்கிவிட்டது. ஐந்து பேர் செட் இரண்டிலும் இல்லை. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மேஸ்திரிக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை; ஆனால் அடுக்குமாடிச் சங்கங்கள் ஜி.எஸ்.டி. பில் கேட்கின்றன. ஆகவே நல்ல மேஸ்திரியும் நேராக வேலை எடுக்க முடியாமல் காண்ட்ராக்டருக்குக் கீழேயே இருந்துவிடுகிறார். எஞ்சியிருக்கும் ஒரே பிடிமானம் 1994-ல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம். பெயின்டர்களும் அதில் சேரலாம். நான் பார்த்த செட்டில் அட்டை வைத்திருந்தவர் மேஸ்திரி மட்டும்.

அட்டை வேண்டிய வேலைதான் இது. சாரத்திலிருந்து விழுவது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தெரியாததும் உண்டு. பெயின்டர் வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1989-லேயே சேர்த்துவிட்டது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. குரோம்பேட்டையின் பழைய வீடொன்றில் ஜன்னல் கம்பியின் பழைய எனாமலைச் சுரண்டிக்கொண்டிருந்த பையன் மூக்கில் கட்டியிருந்தது ஒரு கர்ச்சீப். மாஸ்க் வாங்கித் தந்தால் போடுவதில்லை என்கிறார் காண்ட்ராக்டர். மூச்சு முட்டுகிறது என்கிறான் பையன். கயிற்று வேலைக்கு பெல்ட் போடாதவனை இறக்கிவிடும் அதே கண்டிப்பு தூசுக்கு இன்னும் வரவில்லை.

கடைசியில் எல்லாப் பஞ்சாயத்தும் ஓதத்தில் வந்து முட்டுகிறது. புதுப் பூச்சு 28 நாள் ஆற வேண்டும் என்பார்கள். கிரகப்பிரவேசத் தேதி அவ்வளவு பொறுக்காது. ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் பொரிந்து, உப்புப் பூத்து நிற்கும். வீட்டுக்காரர் காண்ட்ராக்டரைக் கூப்பிடுவார், காண்ட்ராக்டர் மேஸ்திரியை. மாடம்பாக்கத்தில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அதுதான் நடந்திருந்தது. பட்டி பார்ப்பதற்கு முன் ஈரமானியை வைத்து எடுத்த படம் சேலையூர்க்காரரின் போனில் இருந்தது; அன்று சுவர் காய்ந்திருந்தது. ஆக, தண்ணீர் பிறகு வெளிச்சுவர் விரிசல் வழியாக வந்திருக்கிறது. விரிசலை அடைப்பது சங்கத்தின் பாடு. உள்ளே மறுபடி அடிக்க வீட்டுக்காரர் பணம் தரமாட்டேன் என்றார். சரக்கும் பாதிக் கூலியும் தன்னுடையது என்றார் காண்ட்ராக்டர். மீதிப் பாதியை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று விழுப்புரத்து மேஸ்திரி விடவில்லை. "எங்க பட்டியில கோளாறு இருந்தா சொல்லுங்கண்ணே, சும்மாவே செஞ்சு தரேன். சுவத்துல தண்ணி வந்தா நாங்க என்ன பண்ணுவோம்?"

அரை மணி நேரம் இழுத்த பிறகு முழுக் கூலி என்று தீர்ந்தது. மேஸ்திரி அத்தோடு விடாமல், அடுத்த வேலைக்கான அளவு நோட்டை வாங்கி, வெளியிலிருந்து வரும் ஓதத்துக்கு செட் பொறுப்பில்லை என்று தன் கையால் எழுதி நீட்டினார். காண்ட்ராக்டர் படித்துப் பார்த்து, "மொட்டை மாடித் தண்ணியையும் சேத்து எழுதிக்கப்பா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் தனிவீடு, கீழும் மேலும். திங்கட்கிழமை ஆறு பேர் வர வேண்டும், அதில் இரண்டு பேர் பட்டி ஆட்கள்.