அடிமரத்துக்கு நிழல்

ஓக் மரத்துக்குத் தலையில் வெயில் வேண்டும், உடம்பில் நிழல் வேண்டும். பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள த்ரோன்சே காட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். காதில் வாங்கிக்கொண்டேன். கைக்கு வரப் பல வருஷம் ஆயிற்று.

பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த காடு. 1669இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேர் கொண்டுவந்த வனச் சட்டத்துக்குப் பின், கப்பல் மரத்துக்காகப் பேணப்பட்டது. கப்பல்கள் இரும்பாகிவிட்டன. இன்று பீப்பாய் செய்பவர்கள் தேடி வருகிறார்கள்.

எங்கள் கருவிக்கு ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் முத்திரைச் சுத்தியல். வெட்ட வேண்டிய மரத்தின் பட்டையைச் சீவி, மார்பளவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. மரம் போன பிறகும், முறைப்படிதான் வெட்டினார்கள் என்று அடிக்கட்டை சாட்சி சொல்லும். குத்தும் முன் அண்ணாந்து பக்கத்து மரங்களின் தலையைப் பார்ப்பேன். இது போனால் யாருக்கு வெயில், எவ்வளவு வெயில்? அந்தக் கணக்குத்தான் என் தொழில்.

மூன்றாம் வருஷம் ஒரு பகுதியில் என் கை தாராளமாகிவிட்டது. ஓக்குகளுக்குக் கீழே நின்ற ஹார்ன்பீம் மரங்களையும் களை என்று எண்ணி எடுக்கச் சொன்னேன். அடுத்த கோடையில், கணுவில்லாமல் நிமிர்ந்து நின்ற அடிமரங்களில் பச்சைக் குச்சிகள் புறப்பட்டன. பட்டைக்கடியில் உறங்கிய மொட்டுகள் வெயில் பட்டதும் விழித்துக்கொண்டன. குச்சி ஒவ்வொன்றும் மரத்துக்குள் ஒரு கணு. இந்த ஓக்கில் பீப்பாய்ப் பலகையை நார் ஓடும் போக்கில் பிளந்துதான் எடுக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்தால் நுண்குழாய்கள் வெட்டுப்பட்டு ஒயின் கசியும். கணு குறுக்கிட்டால் பிளவு கோணிப்போகும். அந்தக் கட்டையைப் பீப்பாய்க்காரர் தொடமாட்டார்.

விளைந்த மரத்திலும் அவசரம் ஆகாது. ஓக் ஆண்டுதோறும் நன்றாகக் காய்ப்பதில்லை. நல்ல காய்ப்பு வந்து, தரையில் கன்று பிடித்த பிறகே தாய்மரங்களைச் சிறுகச் சிறுக எடுக்கிறோம். கடைசி மரம் விழப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகலாம். இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான் வெட்டு. விழுந்த மரத்தின் முகத்தை உள்ளங்கையால் துடைத்துப் பார்ப்பேன். ஓரத்தில் வெள்ளை, உள்ளே தேன் நிறத்தில் வைரம், நெருக்கமாக ஓடும் மெல்லிய வளையங்கள், மூக்கில் ஏறும் துவர்ப்பு வாசனை. விரல் வைத்து எண்ணினால் இருநூறை நெருங்கும். அந்த நேரத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

அன்று நான் கெடுத்த பகுதியில் ஹார்ன்பீம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்து, ஓக்குகளைச் சுற்றி மூடிவிட்டது. குச்சிகள் பெரும்பாலும் காய்ந்து உதிர்ந்தன. கணுக்கள் உள்ளேயே இருக்கின்றன. அந்த மரங்களுக்கு இப்போது வயது தொண்ணூறு. வெட்ட இன்னும் நூறு வருஷம் இருக்கிறது.