தலைகீழ் ஃபூஜி

ஜப்பானின் ஃபூஜி மலைக்கு வடக்கே, அடிவாரத்தை ஒட்டி ஐந்து ஏரிகள் இருக்கின்றன: யமனகா, கவாகுச்சி, சாய், ஷோஜி, மொத்தோசு. ஐந்தும் எரிமலை தந்தவை. மலை கக்கிய நெருப்புக்குழம்பு ஓடைகளின் வழியை அடைத்து இறுகியது. தேங்கிய நீர் ஏரியானது. கி.பி. 864இல் தொடங்கிய பெருவெடிப்பின்போது, செனோஉமி என்ற பெரிய ஏரிக்குள் குழம்பு பாய்ந்து அதன் பெரும்பகுதியை மூடிவிட்டது. எஞ்சிய இரண்டு துண்டுகளே இன்றைய சாய் ஏரியும் ஷோஜி ஏரியும். இறுகிய அந்தப் பாறையின்மேல் இப்போது அவோகிகஹாரா காடு அடர்ந்து நிற்கிறது. தன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தானே செய்துகொண்ட மலை ஃபூஜி.

3776 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஏரிநீரில் கவிழ்ந்து தெரியும் காட்சிக்கு ஜப்பானியர் ‘சகாசா ஃபூஜி’, அதாவது தலைகீழ் ஃபூஜி என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தக் காட்சியின் மிகப் புகழ்பெற்ற படத்தை எடுத்தவர் ஒகடா கோயோ (1895–1972). வாழ்நாளின் பெரும்பகுதியை ஃபூஜியைப் படமெடுப்பதிலேயே கழித்தவர். 1935இல் மொத்தோசு ஏரிக்கு மேலே இருக்கும் நகனோகுரா கணவாயிலிருந்து அவர் எடுத்த ‘ஏரிக்கரையின் வசந்தம்’ என்ற படத்தை வைத்துத்தான் 1984இல் வெளிவந்த 5000 யென் நோட்டின் பின்பக்கமும், 2004இல் வெளிவந்த 1000 யென் நோட்டின் பின்பக்கமும் வரையப்பட்டன. ஒரு தலைமுறை முழுவதும் அந்தப் பிம்பத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடியது. நோட்டில் மேலே இருக்கும் மலையும் நீரில் தெரியும் மலையும் அச்சு அசலாக ஒன்றாக இல்லை என்பதால், நீரில் இருப்பது ஃபூஜியே அல்ல, வேறு ஏதோ மலை என்று ஜப்பானில் ஒரு வதந்தியும் உலவியது. அந்தச் சந்தேகத்துக்கு நீரின் இயல்பிலேயே பதில் இருக்கிறது.

பிம்பத்துக்கு முதல் தேவை அசையாத நீர். கடலோடிகளின் போஃபோர்ட் அளவுகோலில், காற்றின் வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும் நிலைக்குப் பூஜ்யம் என்று பெயர். ஏரிக்கரையில் அந்தப் பூஜ்யம் பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் கிடைக்கும். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே இறங்கிவரும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி நகரத் தொடங்கும். இறங்கும் காற்று ஓய்ந்து, ஏறும் காற்று பிறப்பதற்கு இடைப்பட்ட சிறு பொழுதே படமெடுப்பவர்களின் பொழுது. மழைக்காலத்திலும் கோடையிலும் மேகம் மலையை மறைத்துவிடும். ஈரம் குறைந்து வானம் தெளிந்திருக்கும் குளிர்காலத்தில்தான் ஃபூஜி அடிக்கடி முகம்காட்டும். விரல் விறைக்கும் அந்தக் குளிரில் இருட்டோடு போய்க் காத்திருக்க வேண்டும்.

கவாகுச்சி ஏரியின் உபுயகசாகி முனையில் நிற்பவர்கள், காற்று முகத்தில் படுவதற்கு முன்பே அதை நீரில் பார்த்துவிடுவார்கள். தொலைவில் ஒரு கருநீலத் திட்டு தோன்றும். அதன் விளிம்பு கூர்மையாக இருக்கும். திட்டு மெல்ல நகர்ந்துவந்து பிம்பத்தைத் தொட்டதும் பனி மூடிய சரிவு முதலில் நடுங்கும்; பிறகு நெட்டு நெட்டான வெள்ளைக் கோடுகளாக நீளும்; பிறகு வானத்தின் நிறத்தோடு கலந்து காணாமல் போகும். பிம்பம் பக்கவாட்டில் சிதறாமல் நெடுக்காகவே நீள்வதற்குக் காரணம் பார்வைக் கோணம். நீரைத் தொட்டுச் செல்வதுபோல் தாழ்வாகப் பார்க்கும்போது, சிற்றலையின் முன்பின் சாய்வு பிம்பத்தை மேலும் கீழும் வெகுதூரம் நகர்த்திவிடும். பக்கச் சாய்வு மிகக் கொஞ்சமே நகர்த்தும். கரையோர விளக்குகள் இரவில் நீருக்குள் தூண்களாக இறங்குவதும் இதனால்தான். ஷட்டரை அரை நிமிடம் திறந்து வைத்தால் அலை மறைந்து நீர் வழவழப்பாகும் என்பது உண்மை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் பிம்பம் அலைந்த இடமெல்லாம் படத்தில் பதிந்துவிடுவதால் மலையின் விளிம்பு மீண்டு வராது.

ஏரி முழுவதும் அசையாமல் இருக்க வேண்டுமா? வேண்டாம் என்கிறது கணக்கு. கவாகுச்சியின் வடகரையிலிருந்து ஃபூஜியின் உச்சி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏரியின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 830 மீட்டர் என்பதால், கரையில் நிற்பவருக்கு உச்சி 9 டிகிரி உயரத்தில்தான் தெரியும். கேமரா நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால், உச்சியின் பிம்பம் விழும் இடம் கரையிலிருந்து 9 மீட்டர் தொலைவுதான். கேமராவை 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கினால் அது 2 மீட்டருக்குள் வந்துவிடும். அவ்வளவு பெரிய மலையின் சிகரத்தைத் தாங்க, நாணல் மறைவில் காற்றுப் படாமல் கிடக்கும் கையகல நீர் போதும். மழை விட்ட பாதையில் தேங்கிய குட்டையிலும் ஃபூஜியை எடுத்துவிட முடிவது இதனால்தான். ஆனால் ட்ரைபாடின் காலைச் சேற்றில் ஊன்றும்போதோ, பூட்ஸ் கால் நீர் விளிம்பில் படும்போதோ எழும் வளையங்கள் நேராகப் போய்ச் சிகரத்தின்மேலேயே விரியும். ஊன்றிய பிறகு நீர் ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

உயரம் ஏற ஏறக் கணக்கு மாறுகிறது. இதே மலையை நீருக்கு நூறு மீட்டர் மேலிருந்து பார்த்தால் உச்சியின் பிம்பம் 600 மீட்டருக்கு அப்பால் போய்விடும். அவ்வளவு தூரத்து நீரும் அசையாமல் இருந்தாக வேண்டும். கணவாயில் நின்று ஒகடா எடுத்த படத்தின் அருமை அங்கேதான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நீரில் தெரியும் மலை, கேமரா பார்த்த மலை அல்ல. கேமரா நீருக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கீழே, நீருக்கடியில் ஒரு கண் இருந்தால் அது எதைப் பார்க்குமோ அதுவே பிம்பம். தாழ்ந்த கண்ணுக்கு முன்னால் இருக்கும் குன்றும் மரமும் மலையை அதிகமாக மறைக்கும். ஆகவே உயரமான இடத்திலிருந்து எடுத்த படத்தில் பிம்பமும் மலையும் அச்சு அசலாக ஒத்துப்போகாமல் இருப்பதே இயல்பு. நோட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்களின் கண் கூர்மையானதுதான், முடிவுதான் தவறு.

வெளிச்சத்திலும் மலையும் பிம்பமும் ஒன்றல்ல. நேர் மேலிருந்து பார்த்தால் நீர் தன்மேல் விழும் ஒளியில் 2 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். பார்வை தாழத் தாழ அது கூடும். 9 டிகிரியில் தெரியும் ஃபூஜியின் உச்சிக்கு ஏறத்தாழ 40 சதவீதமும், 2 டிகிரியில் தெரியும் அடிவாரத்துக்கு 80 சதவீதமும் திரும்பிவரும். எனவே பனி மூடிய உச்சியின் பிம்பம் அசலைவிட ஒரு ஸ்டாப்புக்கும் (ஒளி பாதியாகக் குறையும் அளவு) சற்று அதிகமாக மங்கியிருக்கும். எதிர்க்கரையை ஒட்டி வெளிச்சமாகத் தொடங்கி, பார்ப்பவரை நோக்கி வர வர இருளும்.

போலரைசர் ஃபில்டர் பிம்பத்தை அழித்துவிடும் என்று பலரும் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அது அழிப்பது காலடி நீரில், நீர்மட்டத்திலிருந்து 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது தெரியும் பிம்பத்தை மட்டுமே. அங்கே வானம் மறைந்து அடியில் கிடக்கும் கற்கள் தெரியும். சிகரத்தின் பிம்பம் விழும் தாழ்ந்த கோணத்தில் ஃபில்டரால் அதை மங்கவைக்க முடியும், அழிக்க முடியாது. மறுபக்கம் திருப்பினால் சற்றுத் தூக்கலாகவும் காட்டும். பாதியில் நிறுத்தினால் காலடியில் கற்களும் அப்பால் மலையும் ஒரே படத்தில் கிடைக்கும். ஃபோகஸிலும் கவனம் தேவை. பிம்பம் நீரின் மேற்பரப்பில் இல்லை. ஒளி மலையிலிருந்து நீருக்கும் நீரிலிருந்து லென்ஸுக்கும் வந்த தூரம் முழுவதும் கணக்கு. இரண்டு மீட்டரில் மிதக்கும் இலைக்கு ஃபோகஸ் செய்தால், அந்த இலையை ஒட்டியே தெரியும் சிகரம் கலங்கிவிடும்.

கேமரா பரவுவதற்கு முன்பே ஒருவர் தலைகீழ் ஃபூஜியை வரைந்து, இந்த விதிகளையெல்லாம் மீறியிருக்கிறார். 1830களின் தொடக்கத்தில், எழுபது வயதை ஒட்டிய ஹொக்குசாய், ‘ஃபூஜியின் முப்பத்தாறு காட்சிகள்’ என்ற மரஅச்சு ஓவிய வரிசையை வெளியிட்டார். வரவேற்பு பெருகவே மேலும் பத்து சேர்ந்து மொத்தம் 46 ஆயின. அதில் ஒன்று கவாகுச்சி ஏரியில் தெரியும் பிம்பம். கரையில் கூரைவீடுகள், நீரில் ஒரு சிறு படகு, பின்னால் மலை. மலை கோடைக்கால மலை. பனி இல்லை, பாறையின் முரடும் மடிப்பும் வெளியே தெரிகின்றன. ஆனால் நீரில் கவிழ்ந்திருக்கும் ஃபூஜி பனி போர்த்தியிருக்கிறது. அதோடு, அது மலைக்கு நேர் கீழேயும் இல்லை. ஒரு பக்கமாக விலகி நிற்கிறது.

மேலே கோடை, கீழே குளிர்காலம். ஒரே நொடியில் இரண்டு பருவம் எந்த ஏரியிலும் தெரியாது. மலையை வாழ்நாள் முழுவதும் உற்றுப் பார்த்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கோடையில் அந்தக் கரையில் நிற்பவரின் கண்ணுக்கு வெற்றுப்பாறை தெரிந்தாலும், ஃபூஜி என்றதும் மனம் காண்பது பனி மூடிய வடிவத்தைத்தான். கண் கண்டதை மேலேயும், மனம் அறிந்ததைக் கீழேயும் அவர் வைத்தார் என்று கொண்டால் ஓவியம் முழுமையாகப் பிடிபடுகிறது. பிம்பம் என்பது நகல் அல்ல, இன்னொரு மலை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. அந்த மலைக்குத் தனியாக ஓர் இடமும் வெளிச்சமும் பருவமும் அவர் கொடுத்திருக்கிறார். 2024இல் வந்த புதிய 1000 யென் நோட்டில் ஒகடாவின் பிம்பம் இருந்த இடத்துக்கு வந்தது இதே வரிசையைச் சேர்ந்த பேரலை ஓவியம். தலைகீழ் ஃபூஜியை நோட்டில் தொடர வேண்டும் என்றால் இந்தக் கோடைப் பனியையே வைத்திருக்கலாம்.

இன்று படமெடுப்பவர்களில் பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். பாதி கறுத்த ஃபில்டரை வைத்து வானத்தை இறக்கியும், கம்ப்யூட்டரில் நீரை ஏற்றியும் மேலும் கீழும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்கள். சிலர் மலையைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டியே விடுகிறார்கள். அப்படிச் செய்த படத்தில் நீர் இருக்காது. ஓர் ஏரியை ஏரி என்று கண் நம்புவதே, பனி அதில் மங்கித் தெரிவதாலும், அடிவாரம் வெளிச்சமாகத் தொடங்கி உச்சி இருளுவதாலும்தான். வானத்துக்கும் நீருக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசத்தையாவது விட்டுவைக்க வேண்டும். நீரில் இருக்கும் பனி, மலைமேல் இருக்கும் பனியைவிடப் பளிச்சென்று தெரிந்தால் அந்தப் படம் பொய்.